கடையை மூடலாமா என்று யாரிடம் கேட்பது?



மதுவிலக்கைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னை அழைத்தீர்கள். டாஸ்மாக்கில் தொடங்கி டாஸ்மாக்கிலேயே முடிப்பேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அதற்கும் வருகிறேன். முதலில் அமெரிக்காவின் நட்டநடுவில் இருக்கும் கன்சாஸ் மாநிலத்துக்குப் போய் வருவோம். நம் நாட்டில் மதுவிலக்கு எங்கே வந்தாலும் அதை ஒரு முதலமைச்சரோ அமைச்சரவையோதான் கொண்டுவந்தார்கள். எடுத்தவர்களும் அவர்களே. ஒரு மாநிலத்து மக்கள் கையில் சீட்டைக் கொடுத்து, "சாராயம் விற்கலாமா, வேண்டாமா, நீயே சொல்" என்று நேராகக் கேட்டது இந்தியாவில் நடந்ததே இல்லை. கன்சாஸில் நடந்தது. அது எப்படி நடந்தது, அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதில் நமக்கு வேண்டியது நிறைய இருக்கிறது.

1880 நவம்பர் 2. அமெரிக்காவுக்குக் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நாள். அதே நாளில் கன்சாஸ் வாக்காளர்களிடம் இன்னொரு கேள்வியும் வைக்கப்பட்டது. மருத்துவம், அறிவியல், தொழில் ஆகிய தேவைகளுக்குத் தவிர வேறெதற்கும் இந்த மாநிலத்தில் மது தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்று மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதிவிடலாமா என்பது கேள்வி. ஆளுநர் ஜான் செயின்ட் ஜான் ஊர் ஊராகப் போய் "எழுதுங்கள்" என்றார். சலூன் எனப்படும் மதுக்கடைகளை நடத்தியவர்களும் பீர் ஆலைக்காரர்களும் வேண்டாம் என்றார்கள். ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்களில் பலரும் அவர்கள் பக்கம் நின்றார்கள். பீர் அவர்களுக்குச் சாப்பாட்டோடு சேர்ந்த ஒன்று. எண்ணிப் பார்த்தபோது ஆதரவாக 92,302 வாக்குகள், எதிராக 84,304. வித்தியாசம் எட்டாயிரத்துக்கு இரண்டு குறைவு. அமெரிக்காவில் மதுவிலக்கைத் தன் அரசியல் சட்டத்திலேயே எழுதிக்கொண்ட முதல் மாநிலம் அதுதான்.

இரண்டு எண்களையும் கூட்டினால் ஒரு லட்சத்து எழுபத்தாறாயிரம் சொச்சம் வரும். அந்த ஆண்டு மக்கள்தொகைக் கணக்குப்படி கன்சாஸில் இருந்தவர்கள் ஏறத்தாழ பத்து லட்சம் பேர். மீதிப் பேர் எங்கே போனார்கள்? குழந்தைகளைக் கழித்துவிடலாம். மாநிலத் தேர்தலில் ஓட்டு இல்லாதவர்களும் இருந்தார்கள். அவர்கள் பெண்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்த வாக்கெடுப்பு வருவதற்கு உழைத்தவர்களில் பெண்கள் ஏராளம். கிறிஸ்தவப் பெண்கள் மதுவிலக்குச் சங்கம் 1874இல் தொடங்கியது. அதன் கிளைகள் கன்சாஸின் சிற்றூர்களில்கூட முளைத்தன. மனு எழுதி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி, தேவாலயத்திலும் பள்ளிக்கூடத்திலும் கூட்டம் போட்டார்கள். வாக்குப்பதிவு நாளில் வாசலில் நின்று, போகிற ஆண்களிடம் கெஞ்சினார்கள். உள்ளே போய்ச் சீட்டுப் போட அவர்களுக்கு உரிமை இல்லை. சனிக்கிழமைச் சம்பளம் சலூனில் கரைந்தால் அடுத்த வாரம் அடுப்பு எரிகிறதா என்று பார்க்க வேண்டியவள் அவள். கேள்வி மட்டும் அவளிடம் கேட்கப்படவில்லை.

அந்தச் சங்கத்தின் தலைவியாக இருந்த பிரான்சிஸ் வில்லார்ட் இதைத் தெளிவாகக் கண்டவர். 1879இல், கன்சாஸ் வாக்கெடுப்புக்கு ஓராண்டு முன்பு, இல்லினாய் மாநிலச் சட்டமன்றத்துக்கு அவர் ஒரு மனுவைக் கொண்டுபோனார். அதில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள். மதுவை அடியோடு ஒழி என்று அதில் கேட்கவில்லை. எங்கள் ஊரில் சலூனுக்கு உரிமம் கொடுக்கலாமா என்ற ஒரே ஒரு கேள்வியிலாவது பெண்களுக்கு ஓட்டுக் கொடு என்று கேட்டார். வீட்டைக் காக்கும் ஓட்டு என்று அதற்குப் பெயர் வைத்தார். சட்டமன்றம் மனுவைக் கிடப்பில் போட்டது. ஆனால் இந்த விவகாரத்தில் சரியான கோரிக்கை அது என்பது என் கருத்து. நான் சொல்ல வந்ததும் அந்த மனுவைச் சுற்றித்தான்.

கன்சாஸுக்குத் திரும்புவோம். சட்டம் 1881 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. மருத்துவத்துக்குத் தவிர என்று எழுதியிருந்தார்கள் அல்லவா? மருந்துக்கடைக்காரர்கள் உரிமம் வாங்கினார்கள். வயிற்றுவலி, காய்ச்சல் என்று சீட்டு எழுதி வாங்கி விஸ்கி குடித்தார்கள். பெரிய ஊர்களில் நடந்தது அதைவிட மோசம். சலூன்காரனை மாதா மாதம் நீதிமன்றத்துக்கு அழைப்பார்கள், அபராதம் விதிப்பார்கள், அவன் கட்டிவிட்டுப் போய்க் கடையைத் திறப்பான். விசிட்டா போன்ற ஊர்களில் நகராட்சிச் செலவுக்கு இந்த அபராதப் பணம் ஒரு நிலையான வரவாக இருந்தது. உரிமக் கட்டணம் என்ற பெயர் போய் அபராதம் என்ற பெயர் வந்தது, அவ்வளவுதான். நீதிமன்றத்தைக் குறை சொல்ல முடியாது. சலைனா ஊரில் பீர் ஆலை வைத்திருந்த பீட்டர் மக்ளர் என்பவரின் வழக்கில், மக்கள் நலத்துக்காக மாநிலம் மதுவைத் தடை செய்யலாம், அதற்காக ஆலைக்காரனுக்கு இழப்பீடு தர வேண்டியதில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1887இல் சொல்லிவிட்டது. சட்டம் உறுதியாகத்தான் இருந்தது. உள்ளூரில் அதைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லை.

அதே 1887இல் கன்சாஸ் பெண்களுக்கு நகராட்சித் தேர்தலில் மட்டும் ஓட்டு கிடைத்தது. ஆர்கோனியா என்றொரு சின்ன ஊர். மதுவிலக்குச் சங்கத்துப் பெண்கள் ஒரு வேட்பாளர் பட்டியலை முன்மொழிந்திருந்தார்கள். பெண்கள் அரசியலுக்கு வந்தது பிடிக்காத சில ஆண்கள், அதே பட்டியலில் மேயர் பதவிக்கு மட்டும் சங்க உறுப்பினரான சுசானா சால்டர் என்ற 27 வயதுப் பெண்ணின் பெயரைச் சேர்த்துச் சீட்டு அச்சடித்துவிட்டார்கள். அவருக்கு விழும் நாலு ஓட்டைக் காட்டி மானத்தை வாங்கிவிடலாம் என்று திட்டம். சுசானாவுக்கு இது எதுவும் தெரியாது. வாக்குப்பதிவு அன்று காலை உள்ளூர்க் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த சிலர் பதறிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனபோது, அவர் துணி துவைத்துக்கொண்டிருந்தார். "ஜெயித்தால் பதவி ஏற்பாயா?" என்று கேட்டார்கள். ஏற்பேன் என்றார். மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளை வாங்கி அமெரிக்காவின் முதல் பெண் மேயர் ஆனார். கேலிக்காகப் போட்ட பெயரை ஊர் மெய்யாக எடுத்துக்கொண்டது. எனக்கு மிகவும் பிடித்த தேர்தல் இது.

ஆனாலும் மாநிலம் முழுவதும் சலூன்கள் நடந்துகொண்டுதான் இருந்தன. 1900இல் கேரி நேஷன் என்ற பெண் கயோவா ஊருக்குப் போய், காகிதத்தில் சுற்றிய கற்களால் சலூன் கண்ணாடிகளை உடைத்தார். அதே ஆண்டு டிசம்பரில் விசிட்டாவின் பெரிய ஓட்டல் ஒன்றின் மதுக்கூடத்தை உடைத்துச் சிறைக்குப் போனார். பிறகு கையில் கைக்கோடரி வந்தது. உலகமே அவரைப் பைத்தியக்காரி என்று படம் போட்டது. ஆனால் அவர் வாதத்தைக் கேளுங்கள்: இந்த மாநிலத்தில் சலூன் வைப்பதே சட்ட விரோதம், இருக்கவே கூடாத ஒரு கடையை நான் உடைத்தால் அது எப்படிக் குற்றமாகும்? இருபதாண்டுகளாக அரசியல் சட்டத்தில் தடை இருந்த மாநிலத்தில், திறந்து கிடந்த கடைகளைத்தான் அவர் உடைத்தார். அவருடைய முதல் கணவர் ஒரு மருத்துவர். குடித்தே செத்தவர். கைக்குழந்தையோடு கேரி நேஷன் நின்றார். கோபம் எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை.

பிந்தைய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1912இல் கன்சாஸ் பெண்களுக்கு முழு ஓட்டுரிமை வந்தது. 1933இல் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு எடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே கன்சாஸ் மக்களிடம் மீண்டும் கேட்டார்கள். அவர்கள் விலக்கை விடவில்லை. 1948இல் மறுபடி கேட்டபோது சுமார் 64,000 வாக்கு வித்தியாசத்தில் அதை எடுத்துவிட்டார்கள். உட்கார்ந்து குடிக்கும் மதுக்கூடங்களை எல்லோருக்கும் திறந்துவிட 1986 வரை பொறுத்தார்கள். பெண்கள் கையில் ஓட்டு வந்தால் எல்லாக் கடையும் ஒரே நாளில் மூடிவிடும் என்று நான் சொல்லவில்லை. 1948இல் பெண்களும் சேர்ந்துதான் வாக்களித்தார்கள். அது அவர்கள் முடிவு. அவர்களைக் கேட்டு எடுத்த முடிவு என்பதால் அதை மதிக்கிறேன்.

மாநிலம் முழுவதற்கும் ஒரே கேள்வியாக வைக்கும் வாக்கெடுப்பில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 1911இல் டெக்சாஸ் மாநிலம் இதே கேள்வியை வாக்குக்கு விட்டது. நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்து, ஆறாயிரம் சொச்ச வாக்குகளில் மதுவிலக்கு தோற்றது. அப்போது அங்கே ஓட்டுப் போட வேண்டுமென்றால் தலைவரி கட்டியிருக்க வேண்டும். நான்கு ஆண்டு கழித்து மாநில அரசு பீர் ஆலைகள் மீது போட்ட வழக்கில் அவர்களுடைய கடிதங்கள் வெளியே வந்தன. ஏழைகளின் தலைவரியைக் கட்டி அவர்களைத் தங்கள் பக்கம் ஓட்டுப் போட வைக்கப் பணம் இறைத்திருந்தார்கள். மாநிலம் பெரிது, பணமும் பெரிது. ஒரு தெருவில், ஒரு வார்டில் அந்தப் பணம் அவ்வளவு எளிதாக வேலை செய்யாது. அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். வில்லார்ட் கேட்ட அந்த ஓட்டு இந்தியாவில் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? மகாராஷ்டிரத்தில் இருக்கிறது. 2008இல் அந்த அரசு போட்ட ஆணைப்படி, ஒரு கிராமத்தில் அல்லது வார்டில் உள்ள பெண் வாக்காளர்களில் நூற்றுக்கு 25 பேர் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தால், மாவட்ட ஆட்சியர் ரகசிய வாக்கெடுப்பு நடத்த வேண்டும். வாக்குச்சீட்டில் இரண்டு படங்கள். ஒன்றில் பாட்டில் நிமிர்ந்து நிற்கிறது. மற்றதில் பாட்டில் படுத்துக் கிடக்கிறது. நிற்கும் பாட்டிலில் முத்திரை குத்தினால் கடை இருக்கட்டும் என்று பொருள். படுத்த பாட்டிலில் குத்தினால் மூடு என்று பொருள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் புரியும். மொத்தப் பெண் வாக்காளர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பாட்டிலைப் படுக்க வைத்தால் கடை மூட வேண்டும். சாத்தாரா மாவட்டம் முதல் பல இடங்களில் பெண்கள் இப்படி மூடியிருக்கிறார்கள்.

அந்த ஆணையில் ஒரு குறை உண்டு. பாதி என்பது வாக்களித்தவர்களில் பாதி அல்ல. பட்டியலில் பெயர் உள்ளவர்களில் பாதி. செத்துப்போனவர் பெயரும் பட்டியலில் இருக்கும். கல்யாணமாகி வேறு ஊர் போனவள் பெயர் இருக்கும். கரும்பு வெட்டக் குடும்பத்தோடு வெளியூர் போனவள் பெயரும் இருக்கும். இவர்கள் வராமல் இருப்பதே கடைக்குச் சாதகமான ஓட்டு. வந்து வாக்களித்த பெண்களில் மிகப் பெரும்பாலோர் மூடு என்று சொல்லியும், பாதியை எட்டாததால் கடை நிற்கும். எந்தச் சட்டமன்ற உறுப்பினரையாவது இப்படித் தேர்ந்தெடுக்கிறோமா? பட்டியலில் பாதிப் பேர் ஓட்டு வேண்டும் என்றால் நம்முடைய சட்டமன்றமே காலியாக இருக்கும்.

ஆந்திரத்தில் ஓட்டுச்சீட்டே இல்லாமல் பெண்கள் ஒரு மாநிலத்தை அசைத்தார்கள். நெல்லூர் மாவட்டத்தில் தூபகுண்டா என்ற ஊர். அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்றுக்கொண்டிருந்த கூலிப் பெண்கள் 1990களின் தொடக்கத்தில் சாராயக் கடையை மூடவைத்தார்கள். அது ஊருக்கு ஊர் பரவியது. சாராய ஏலம் எடுக்க ஆளில்லாமல் போயிற்று. 1993இல் சாராயத்துக்குத் தடை வந்தது. 1995இல் என்.டி.ராமாராவ் முழு மதுவிலக்குக் கொண்டுவந்தார். 1997இல் அரசு, பணமில்லை என்று அதை விலக்கிக்கொண்டது. கொண்டுவர வீதிக்கு வந்த பெண்களை, எடுக்கும்போது ஒருவரும் கேட்கவில்லை.

நம் தமிழ்நாட்டுக் கதை உங்களுக்குத் தெரியும். 1937இல் சேலம் மாவட்டத்தில் ராஜாஜி தொடங்கினார். வருமானம் போகுமே என்று 1939இல் விற்பனை வரி கொண்டுவந்தார். அந்த வரி இன்று நமக்கு வேறு பெயரில் நிலைத்துவிட்டது, மதுவிலக்கு நிலைக்கவில்லை. 1971இல் கடை திறந்தது, 1974இல் மூடியது, 1981இல் மறுபடி திறந்தது. 1983இல் டாஸ்மாக் வந்தது. 2003இல் சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்டது. 2016 தேர்தலில் இரண்டு பெரிய கட்சிகளுமே மதுவிலக்கு என்றன. ஆனால் அந்த ஓட்டில் மதுவும் இருந்தது, இலவசமும் சாதியும் கூட்டணியும் இருந்தன. ஒரே பொத்தானை அழுத்தி இத்தனைக்கும் பதில் சொல்ல முடியுமா? ஜெயித்த அரசு 500 கடைகளை மூடியது. எந்த 500 என்று சென்னையில் முடிவு செய்தார்கள்.

இதற்கெல்லாம் வெகு முன்பே, 1921இல், ஈரோட்டில் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் சகோதரி கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலில் தடையை மீறி நின்றார்கள். அதே 1921இல்தான் சென்னை மாகாணம் பெண்களுக்கு, சொத்து உள்ளவர்களுக்கு மட்டும் என்றாலும், ஓட்டுரிமை கொடுத்தது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் நாம்தான் முதல். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஓட்டும் வந்தது, மறியலும் ஓயவில்லை. இன்றும் நம் பெண்கள் கடை வாசலில் காலிக்குடத்தோடு உட்கார்கிறார்கள், பாட்டிலை உடைக்கிறார்கள், வழக்கு வாங்குகிறார்கள்.

ஏன் உடைக்கிறார்கள்? வேறு வழி இல்லை. மது சில்லறை விற்பனைக்கான 2003ஆம் ஆண்டு விதிப்படி நகராட்சி, மாநகராட்சிப் பகுதிகளில் கோயிலிலிருந்தும் பள்ளியிலிருந்தும் 50 மீட்டருக்குள் கடை கூடாது, மற்ற இடங்களில் 100 மீட்டர். அதனால் போராட்டம் எல்லாம் டேப்பைப் பிடித்து அளப்பதாகவே ஆகிவிட்டது. விதி கோயிலை அளக்கிறது, பள்ளியை அளக்கிறது, வீட்டை அளப்பதில்லை. பகல் 12 மணிக்கு ஷட்டர் தூக்கும்போது வரிசையில் நிற்பவன் யார் என்று அந்தத் தெருப் பெண்ணுக்குத் தெரியும். குவார்ட்டருக்குக் காசு பற்றாமல் கட்டிங்குக்குப் பங்காளி தேடுகிறவன் யார், பள்ளி விட்டு வரும் பெண் பிள்ளை எந்தச் சந்தைச் சுற்றி வருகிறாள் என்பதும் தெரியும். இத்தனையும் தெரிந்தவளிடம் அரசு ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. கிராம சபையில் தீர்மானம் போட்டும் கடை நிற்கிற ஊர்கள் இருக்கின்றன.

இரண்டு மறுப்புகள் எப்போதும் வரும். முதலாவது, கடையை மூடினால் கள்ளச்சாராயம் வரும் என்பது. 2022இல் மதுவிலக்கு உள்ள பீகாரில் விஷச்சாராயத்தால் பலர் செத்தார்கள், உண்மை. 2024 ஜூனில் நம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துச் செத்தார்கள். அங்கே டாஸ்மாக் திறந்துதான் இருந்தது. மெத்தனாலைக் கலக்கிறவனுக்கும் கண்டுகொள்ளாத போலீஸுக்கும் இடையிலான உறவைத் துண்டிப்பது தனி வேலை. கடை இருந்தாலும் அந்த வேலையைச் செய்தாக வேண்டும், மூடினாலும் செய்தாக வேண்டும். ஆனால் கன்சாஸ் கற்றுத்தந்த ஒன்றை இங்கே மறக்கக் கூடாது: மேலிருந்து மூடிய கடையை உள்ளூர் காக்காது. தானே மூடிய கடையைத் தெருவே காவல் காக்கும். பக்கத்து ஊருக்குப் போய்க் குடிப்பான் என்பார்கள். போகட்டும். சம்பளத்தோடு வீட்டுக்கு நடக்கிற வழியில் கடை இல்லாமல் இருப்பதே பல குடும்பங்களுக்கு அரிசி விலை.

இரண்டாவது மறுப்பு வருமானம். 2023-24இல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். சின்னத் தொகை இல்லை, அதை ஒரே நாளில் விடு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஆந்திரத்தில் நடந்ததுதான் நடக்கும். வார்டு வார்டாக மூடினால் அரசுக்கும் பழக அவகாசம் கிடைக்கும். குடியிலிருந்து மீள நினைப்பவனுக்கு ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் சிகிச்சை கொடுக்க அந்தப் பணத்திலேயே ஒரு பங்கை ஒதுக்கவும் முடியும்.

பெண்களிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும், ஆண்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று முன்வரிசையில் ஒரு தம்பி முகத்தைச் சுளிக்கிறார். ஆண்கள் தங்கள் முடிவைத் தினமும் 12 மணிக்குக் கடை வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், தம்பி. அந்தக் கணக்கு டாஸ்மாக்கிடம் நாள்தோறும் போகிறது. மறுபக்கக் கணக்கை எழுத ஒரு சீட்டு வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

ஆகவே நான் கேட்பது இதுதான். 2003ஆம் ஆண்டு விதிகளில் ஒரு பிரிவைச் சேர்க்க வேண்டும். வார்டிலோ ஊராட்சியிலோ உள்ள பெண் வாக்காளர்களில் கால்வாசிப் பேர் மனுக் கொடுத்தால் 60 நாளுக்குள் ஆட்சியர் ரகசிய வாக்கெடுப்பு நடத்த வேண்டும். மகாராஷ்டிரத்தைப் போலப் படம் போட்ட சீட்டு வேண்டும். பட்டியலில் உள்ளவர்களை விட்டுவிட்டு, வந்து போட்ட வாக்குகளை எண்ண வேண்டும். மூடிய கடையை அதே எல்லைக்குள் வேறு தெருவில் திறக்கக் கூடாது. மூன்று வருஷம் கழித்து அதே பெண்கள் திரும்பத் திறக்கலாம் என்று வாக்களித்தால் திறக்கட்டும். அதுவும் அவர்கள் உரிமை.

வரும் அக்டோபர் 2ஆம் தேதி உங்கள் ஊரில் கிராம சபை கூடும். இத்தனை வருஷம் "கடையை மூடு" என்று தீர்மானம் எழுதினோம். இந்த முறை "எங்கள் ஊர்ப் பெண்களிடம் வாக்கெடுப்பு நடத்து" என்று எழுதுங்கள். தீர்மானப் புத்தகத்தில் பெண்கள் முதலில் கையெழுத்துப் போடட்டும். நகலில் ஊராட்சி முத்திரை வாங்கி, ஒரு பிரதியை ஆட்சியருக்கும் ஒரு பிரதியை உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.